பிரிட்ஜ் கதவில் ஒரு பலகை

அண்ணா,

உங்களுக்கு நல்ல கையெழுத்து. உறையைப் பார்த்ததுமே பொறுப்பான மனிதர் என்று தெரிந்தது. அதனால்தான் பிரித்தேன்.

நான் உங்கள் தங்கையோடு மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருப்பவள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு, பேசியதைப் பேசியபடி தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்வதால் தபாலை எடுத்து வருவதும் நான்தான். "இப்பவே அனுப்பி வைக்கறேன்னு போன்ல சொன்னது யாருன்னு கேளு பாப்பா" என்று அவளுக்கு எழுதியிருக்கிறீர்கள். சொன்னது நான். கேள்வி என்னைப் பற்றியது என்பதால் பதிலையும் நானே எழுதுவதுதான் மரியாதை.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள் வாடகைக்கு அறை தேடிப் பார்த்ததில்லை. நான் ஏழு மாதம் தேடினேன். ஒரு வீட்டில் குளியல் தொட்டி சமையலறையில் இருந்தது. சமைத்துக்கொண்டே குளிக்கலாமே என்றார் தரகர். இன்னொரு வீட்டுக்காரம்மா நான் தும்மியதைக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் தும்முகிறவர்கள்தான் தமக்கு வேண்டும் என்று அனுப்பிவிட்டார். பிறகொரு வீட்டுப் படிக்கட்டில் நாற்பது பேர் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவள் வீட்டுக்காரரின் நாய்க்கு ஸ்வெட்டர் பின்னி எடுத்து வந்திருந்தாள். அறை அவளுக்குத்தான் போயிற்று.

உங்கள் தங்கை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பாத்திரத்தக் கழுவாம போட்டுட்டுத் தூங்குவீங்களா, அக்கா?"

மாட்டேன் என்றேன். சாவியைக் கையில் கொடுத்தாள். படியிறங்கிப் போய்த் தெருவில் நின்று அழுதேன். அந்த நன்றியை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

வீட்டு ஒப்பந்தம் அவள் பெயரில், எட்டு வருடத்துக்கு முந்தைய வாடகையில் இருக்கிறது. அவள் தொடர்ந்து முப்பது நாள் வீட்டில் இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. அப்புறம் மூன்று மடங்கு வாடகை. எனக்கு மறுபடியும் படிக்கட்டு வரிசைதான்.

அவள் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலைக்குள் செல்போன் கூடாதென்பது உங்களுக்குத் தெரியும். பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போவாள். யார் கூப்பிட்டாலும் நான் எடுத்து, விஷயத்தை பிரிட்ஜ் கதவில் தொங்கும் பலகையில் எழுதி வைப்பேன். ஆரம்பத்தில் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. தொழில் பழக்கம்.

ஒருநாள் வேறு ஊர்க் கம்பெனி ஒன்று அவளை நேர்காணலுக்கு அழைத்தது. 'ஏதோ விளம்பரம்' என்று எழுதினேன். அடுத்து, எதிர்த்தெருக் கண்ணாடிக்கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு வருவாளா என்று மென்று விழுங்கிக் கேட்டார். 'மூக்குக்கண்ணாடி தயார்' என்று எழுதினேன். அவள் போய், நான் கண்ணாடியே கேட்கவில்லையே என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். பாவம், கூச்ச சுபாவக்காரர், வாயைத் திறக்கவில்லையாம். நானும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு நீங்கள் கூப்பிட்டீர்கள். நண்பகல். அம்மா விழுந்துவிட்டார்கள், தாங்குமா தெரியவில்லை, பாப்பாவை உடனே கிளம்பச் சொல்லுங்கள் என்றீர்கள். இப்பவே அனுப்பி வைக்கறேன் என்றேன். எனக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. பின்னாலிருந்து அம்மாவின் குரலும் கேட்டது.

"பாப்பாவா?"

"இல்லம்மா, அவ வேலைக்குப் போயிருக்கா" என்றேன். அது பொய்யில்லை.

விழுந்தவர்கள் மாதக்கணக்கில் படுத்துவிடுவதுண்டு. உங்கள் தங்கையோ தாயைப் போட்டுவிட்டு வருகிறவள் அல்ல. முப்பது நாளில் வீடு போய்விடும். அது அவளுக்கும் வீடுதானே. நன்றாக யோசித்துத்தான் எழுதினேன்: 'அண்ணன் கூப்பிட்டார். அம்மாவுக்குக் கால் சுளுக்கு. அவசரமில்லை.'

அன்று இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தாள். பலகையைப் படித்தாள், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று நம்பியதால் நீங்களும் மறுபடி கூப்பிடவில்லை. விடிவதற்குள் அம்மா போய்விட்டார்கள்.

காரியத்துக்குப் போனவள் பதினோராம் நாள் திரும்பி வந்தாள். சுளுக்கு என்று சொல்லிவிட்டு அண்ணன் இப்போது மாற்றிப் பேசுகிறார் என்று என் மடியில் விழுந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. "பதட்டத்துல என்ன சொன்னோம்னு அவருக்கே மறந்திருக்கும், விடு" என்று உங்களுக்காகப் பரிந்துதான் பேசினேன். அன்றிலிருந்து அவள் உங்களோடு பேசுவதில்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு.

எப்படியும் அம்மா பிழைத்திருக்கமாட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீடாவது பிழைத்தது.

நீங்கள் எழுதியதை மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள். கையெழுத்தானதும் உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுவேன். அதுவரை நீங்கள் தவிக்கக்கூடாதே என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்: 'அண்ணன் விசாரித்தார். நலமாம். அவசரமில்லை.'