கொஞ்சம் நீளமான அச்சு

சைக்கிளில் பி.பி. அச்சு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, சார். இரண்டு பெடலையும் சேர்த்துக்கொண்டு நடுவில் சுழல்கிற இரும்புதான் அது. தேய்ந்துவிட்டால் மிதிக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். மாற்றும்போது நீளம் பார்த்து எடுக்க வேண்டும். குட்டையாகப் போனால் பல்சக்கரம் சட்டத்தில் உரசும். நீளமாகிவிட்டால் பல்சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், செயின் கோணலாக ஓடும், அழுத்தி மிதித்தால் கழன்றுவிடும். திருக்காட்டுப்பள்ளியில் சைக்கிள் கடை போட்டதிலிருந்து நான் இதில் தவறியதே இல்லை.

என் மகள் ஆஷ்லின் தஞ்சாவூரில் நர்ஸ். அவள் அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஜெர்மனியில் வேலை கிடைத்திருப்பதாக ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

“நான் என்னம்மா பண்ணுவேன்?” என்றேன்.

“தினம் வீடியோ கால்ல பேசலாம்ப்பா. நீங்க என்ன சின்னப் புள்ளையா?”

நான் சண்டை போடவில்லை. பூண்டி மாதா கோவிலுக்கு நடந்தே போய் அழுதேன். திரும்பி வந்தால் விசா வந்திருந்தது.

அந்த வாரம்தான், பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டிப்போகிற சைக்கிளில் சத்தம் கேட்கிறது என்றாள். இரண்டு அச்சுகளை எடுத்து வைத்தேன். எது பொருந்தும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. மற்றதை மாட்டினேன். செயினையும் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கொஞ்சநாள் வீட்டில் இருந்தால் மனம் மாறும் என்று நினைத்தேன். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

“சத்தமே இல்லப்பா!” என்று சிரித்துக்கொண்டே கிளம்பினாள். வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். தெருமுனை திரும்பிவிட்டாள்.

குடமுருட்டிப் பாலம் ஏற்றம். எழுந்து நின்று மிதித்திருக்கிறாள். செயின் கழன்று கால் வழுக்கி நடுரோட்டில் விழுந்திருக்கிறாள். பின்னால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர். ஓட்டிய பஞ்சநதம் மேல் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அவன் பிரேக் போட்டிருக்கிறான். பாரம் நிற்கவில்லை.

கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெர்மனிப் பேச்சு அதோடு நின்றது.

நீங்கள் விசாரித்தபோது, “அப்பாவக் கேளுங்க” என்று மட்டும் சொன்னாளாமே. நல்ல பிள்ளை சார், தன் வாயால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆமாம், அச்சை மாற்றி மாட்டியது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் என்னைக் கூட்டிப்போய்விட்டால் அவளை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள்? யார் தலை வாரிவிடுவார்கள்?

என்னோடு அவள் பேசுவதில்லை, உண்மைதான். அதை வெறுப்பு என்று எழுதிவிடாதீர்கள். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். கரண்டியைக் கொண்டுபோனால் வாயைத் திறக்கிறாள். வெறுப்பு இருந்தால் திறப்பாளா, சார்?