தனி மேசை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. நான் வைக்கும் கோழி சூப்பில் உப்பு ஒருநாளும் கூடாது, குறையாது. எங்கள் சபையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது. என் தங்கை சலோமா முதல் வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்குக்கா" என்றாள்.

உங்கள் போலீஸ் பதிவுக் கருவி ஓடட்டும். குதிரைவண்டியில் போகிற ஆமிஷ் சபைக்காரிக்குக் கருவி என்றாலே பயம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சபையின் சட்டம் கருவிகளை வேண்டாம் என்கிறது, நான் சட்டத்தோடு நிற்கிறவள். அவ்வளவுதான்.

சலோமாவைச் சபை விலக்கி வைத்தது ஒரு கைபேசிக்காக. அவளுடைய முதல் பிள்ளை மூச்சுத் திணறிக் கிடந்தபோது, அவள் கணவர் ஆட்லீ சாலை முனையில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் டெலிபோன் கொட்டகைக்குப் பனியில் ஓடினார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடுத்து லிடியா பிறந்ததும், சலோமா ஒரு கைபேசி வாங்கிச் சோளக் களஞ்சியத்தில் ஒளித்து வைத்தாள். பிஷப் ரூபன் வந்து விசாரித்தபோது அவள் மறைக்கவும் இல்லை, சபை முன்னால் மண்டியிடவும் இல்லை.

"என் புள்ளைக்கு மூச்சு நின்னா நான் கூப்பிடத்தான் செய்வேன். அதைப் பாவம்னு என் வாயால சொல்லமாட்டேன்" என்றாள்.

பிஷப்பின் காதுக்கு விஷயம் எப்படிப் போனது என்று அவள் கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

விலக்கு என்றால் உங்கள் ஆட்கள் என்னென்னவோ நினைக்கிறீர்கள். அடிப்பதில்லை, துரத்துவதில்லை. விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது. அவர் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது. மேசைமேல் வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். கணவனுக்குத் தனிக் கட்டில். மற்றபடி பேசலாம், சிரிக்கலாம். திருந்தி வரட்டும் என்று அன்பினால் செய்வதுதான்.

மனைவி கையால் ஒரு கோப்பை தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாத வீட்டுக்கு ஒரு பெண்துணை வேண்டாமா? கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டு மாடியில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவள் நான். "சும்மா இருக்கிற கை நீதானே, போயிட்டு வா" என்றாள் அண்ணி. போனேன்.

இரண்டு குளிர்காலம் அந்த வீட்டை நான் நடத்தினேன். ஜன்னல் ஓரத்தில் சலோமாவுக்கு ஒரு சின்ன மேசை போட்டேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை விலக்கு கட்டாது. லிடியா அவள் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனாலும் நான் அவளைப் பெரிய மேசையில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? கொஞ்ச நாளில் லிடியா என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.

ஒருநாள் சலோமா ஆப்பிள் ஒன்றைத் தோல்சீவி மகளிடம் நீட்டினாள். குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மேசைல வைங்க" என்றது. சலோமா ஆப்பிளை மேசைமேல் வைத்தாள். பிறகு களஞ்சியத்துக்குப் போய்க் கைபேசியைச் சம்மட்டியால் உடைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை சபையில மண்டி போடப்போறேன். நீயும் எத்தனை நாளைக்குத்தான் எங்களுக்காகக் கஷ்டப்படுவ? இனிமே அண்ணன் வீட்டுல போய் நிம்மதியா இரு."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஐயா. அவள் ஒருமுறை மண்டியிட்டால் போதும், சபை எல்லாவற்றையும் மன்னித்துவிடும். அப்புறம் யாரும் அதைப் பற்றி வாய்திறக்கக்கூடாது. அவளுக்குச் சமையலறை திரும்பக் கிடைக்கும், கணவர் கிடைப்பார், லிடியா கிடைப்பாள். எனக்கு உருளைக்கிழங்கு மூட்டை. எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஓடையோரம் ஒரு செடி முளைக்கும். அதைத் தின்றுதான் ஆட்லீயின் கிடாரி செத்தது. அன்றைக்கே என்னை அழைத்துப் போய்க் காட்டினார். "வெர்னா, லிடியாவ இந்தப் பக்கம் விடாத. இதோட கிழங்கு நம்ம தோட்டத்துக் கிழங்கு மாதிரியே இருக்கும்." எதையும் விளக்கமாகச் சொல்லக்கூடிய மனிதர் அவர்.

சனிக்கிழமை மதியம் பெரிய மேசைக்குப் பெரிய பானையில் சூப் வைத்தேன், சின்ன மேசைக்குச் சின்னப் பானையில் வைத்தேன். கிழங்கைத் தோண்டியது நான், நறுக்கியது நான். சின்ன மேசைக்கு வெள்ளை விரிப்புகூடப் போட்டேன். "நாளையிலேர்ந்து இந்த மேசைல கோழிதான் உக்காரும்" என்றார் ஆட்லீ. எல்லோரும் சிரித்தோம். சலோமாதான் அதிகம் சிரித்தாள்.

அவளுக்கு வலிப்பு வந்ததும் ஆட்லீ டெலிபோன் கொட்டகைக்கு ஓடினார். அதே சாலை, அதே ஓட்டம். கைபேசியைத்தான் அவளே உடைத்துவிட்டாளே.

தரையில் கிடந்தபடி என் பக்கம் கையை நீட்டினாள். "அக்கா, கையப் பிடிச்சுக்க" என்றாள். நான் பிடிக்கவில்லை. விலக்கு ஞாயிறு காலையில்தான் நீங்கும். சனிக்கிழமை வரை சட்டம் சட்டம்தான். லிடியாவின் கண்ணை மட்டும் என் ஏப்ரனால் மூடினேன்; குழந்தை பார்க்க வேண்டாம் என்றுதான்.

தெரியாமல் அவளே ஏதோ கிழங்கைப் பிடுங்கித் தின்றுவிட்டாள், கர்த்தருடைய சித்தம் என்று சபை அடக்கம் செய்தது. அதோடு முடிந்திருக்கும். நான் தப்புச் செய்தது உங்களிடம்தான். ஆட்லீயின் டெலிபோனால் விசாரிக்க வந்த நீங்கள், எல்லோரும் குடித்த சூப்பில் அவள் மட்டும் எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். விலக்கப்பட்டவர்களுக்குத் தனிப்பானையில் சமைப்பது எங்கள் வழக்கம் என்று சொன்னேன். நீங்களும் தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள். எங்கள் குதிரைவண்டியைப் படம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கள் சமையல் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

நீங்கள் பிஷப்பிடம் போய்க் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. எங்கள் பிஷப் கோர்ட்டுக்கு வரமாட்டார், சத்தியம் செய்யமாட்டார், யாரையும் காட்டிக்கொடுக்கமாட்டார். ஆனால் பொய் சொல்லவும் மாட்டார். ரொம்ப நேரம் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தாராமே. அப்புறம், "பானை ஒண்ணுதான். மேசைதான் வேற" என்றாராம்.

அது உண்மை. எங்கள் வழக்கம் ஒரே பானைதான். தனிப்பானை அந்தச் சனிக்கிழமை மட்டும்தான்.

இப்போது சபை என்னையும் விலக்கிவிட்டது. நேற்று ஆட்லீ இந்தச் சிறைக்கு வந்திருந்தார். என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். மன்னிப்பது எங்கள் கடமை. லிடியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அம்மாவத் தேடுறா" என்றார். எந்த அம்மாவை என்று கேட்டேன்.

அவளுக்காக நான் தைத்துவைத்திருந்த சின்னத் தொப்பியை அவரிடம் நீட்டினேன். அவர் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மேசைமேல வை, வெர்னா."

வைக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன், ஐயா. அந்த வீட்டுக்கு இரண்டு வருஷம் பொங்கிப் போட்ட கை இது. நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதனால் சும்மா உட்கார்ந்திருக்க முடிகிறதே. அவ்வளவு கல்நெஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.