உறவு என்ற கட்டத்தில் அக்சிலியா எழுதியது

மருத்துவமனை அறக்கட்டளைத் தலைவர் அவர்களே, மனநலப் பிரிவுத் தலைவர் டாக்டர் அப்புசாமி அவர்களே, அக்சிலியா அம்மாவின் அண்ணன் சவரியார் ஐயா அவர்களே, வணக்கம். கடைசி வரிசையில் கதவை ஒட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்கள் யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. பயப்படாதீர்கள்.

என் பெயர் தமிழரசு. ஊர் திருச்செங்கோடு பக்கம். அக்சிலியா அம்மாவிடம் நோயாளியாகப் போனேன். பிறகு உளவியல் படித்துவிட்டு அவரோடு வேலை செய்தேன். போன வாரம் மாரடைப்பில் இறந்தார். சவரியார் ஐயா கேட்டுக்கொண்டதால் எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினீர்கள். தாய் என்றீர்கள். தியாகி என்றீர்கள். மெழுகுவர்த்தி என்றீர்கள். அவர் மெழுகுவர்த்தி அல்ல, உளவியலாளர். இதே மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்து, வெளியே அனுப்பப்பட்டவர். அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

நான் சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு இருபத்து நான்கு வயது. எடை முப்பத்தொன்பது கிலோ. என் அம்மா சௌந்திரம் என்னை இங்கே கூட்டிவந்தார். டாக்டர் அவர்களே, உங்கள் அறையில் அவர் கேட்டது நினைவிருக்கிறதா?

“ஏனுங்க டாக்டரு, பொம்பளப் புள்ளைகள ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்கறானுங்க. சோறுந் திங்க மாட்டேங்கறான். ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா ரெண்டுஞ் செரியாப் போயிருமுங்களா?”

“போயிருமுங்கம்மா. வர்றவ ஊட்டி உட்டா தின்னுட்டுப் போறான்.”

சிரித்தீர்கள். செவிலியர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிழைத்திருப்பதற்காகச் சிரிப்பது எனக்கு அப்போதே பழகியிருந்தது.

அடுத்த அறையில் அக்சிலியா. அவர் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். இதயத் துடிப்பைப் பதிவு செய்யச் சொன்னார். எண் என் கண்ணில் படாதபடி எடைக் கருவியில் திரும்பி நிற்க வைத்தார். பிறகு கேட்டார்.

“யாரு பக்கத்துல இருந்தா உனக்குக் கொஞ்சமாச்சும் சாப்பாடு எறங்குது?”

“ஜூட்டுன்னு ஒருத்தருங்க.”

“கூட்டாளியா?”

“அதுக்கும் மேலங்க.”

“சரி. வியாழக்கிழம அவரையும் கூட்டிட்டு வா. சாப்பாடு நான் கொண்டாரேன். ரசம் சுமாராத்தான் இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்.”

குடும்பத்தோடு உட்கார வைத்துச் சாப்பிடச் செய்யும் சிகிச்சை இங்கே ஏற்கெனவே இருந்தது. புதிதாக அவர் எதையும் கொண்டுவரவில்லை. படிவத்தில் ஜூட்டின் பெயருக்கு எதிரே, உறவு என்ற கட்டத்தில், ‘குடும்பம்’ என்று எழுதினார்.

ஒரே ஒரு சொல்! அதை அடித்துவிட்டு ‘நண்பர்’ என்று எழுதச் சொன்னீர்கள். நண்பர் என்றால் உள்ளே அனுமதி இல்லை என்பது விதி. அவர் அடிக்கவில்லை. மூன்று முறை விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினீர்கள். நான்காவது, வேலைநீக்கக் கடிதம்.

சூரமங்கலத்தில் ஓர் அறை பிடித்தார். கீழே டயர்க் கடை. மேலே நாங்கள். குமாரபாளையத்திலிருந்து தறி ஓட்டும் ஒரு பெண் வந்தார். பெண்ணைக் காதலித்தவர். பதினோரு ஆண்டுகளாகத் தின்பதும் வாந்தி எடுப்பதுமாக இருந்தவர்.

“ஒரு ஆம்பளைக்குக் குடுக்கோணும்னே இந்த ஒடம்ப வளத்தாங்கம்மா. எனக்குன்னு இல்லாத ஒடம்புக்கு நா எதுக்குச் சோறு போடோணும்?”

“இனி உனக்குன்னு வெச்சுக்க. அந்த இட்லிய முடி மொதல்ல, ஆறுது.”

எல்லோரையும் காப்பாற்றினாரா? இல்லை. இருவரை இழந்தோம். அந்த நாட்களில் அவராலும் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அதை எங்களிடம் மறைக்கவில்லை. எங்கள் முன்னால் உட்கார்ந்து, அழுதுகொண்டே, மெதுவாகச் சாப்பிட்டார்.

இன்று அறிவிக்கிறீர்கள்: இங்கே அக்சிலியா குடும்ப ஆலோசனை மையம் வரப்போகிறது! கைதட்டல். டாக்டர் அவர்களே, என் கேள்வி ஒன்றுதான். அந்த மையத்தின் படிவத்தில் ஜூட்டின் பெயருக்கு எதிரே, உறவு என்ற கட்டத்தில், என்ன எழுதுவீர்கள்?

சீட்டு வருகிறது. வாசிக்கிறேன். ‘தம்பி, இது இரங்கல் கூட்டம். சுருக்கமாக முடிக்கவும்.’ டாக்டரின் கையெழுத்து. எனக்கு நன்றாகத் தெரியும். பசியெடுக்க டானிக் எழுதிக்கொடுத்த அதே கையெழுத்து.

சவரியார் ஐயா, மையத்துக்கு அவர் பெயரை வைக்கச் சம்மதக் கடிதம் உங்கள் கையில் இருக்கிறது. அது உங்கள் தங்கையின் பெயர். உரிமை உங்களுடையது. எனக்கு இல்லை. எந்தப் படிவத்திலும் நான் அவருக்கு யாரும் இல்லை. இருந்தும் கேட்கிறேன். அவரைத் துரத்திய விதிக்கு மேலே அவர் பெயரை மாட்டலாமா? விதி மாறும்வரை அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

ஐயா ஏதோ சொல்கிறார். மைக் வேண்டாமாம். “மொதல்ல அத மாத்தட்டும் தம்பி. அப்புறம் பாப்போம்” என்கிறார். கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். நன்றி, ஐயா. தலைவர் அவர்களே, உங்களுக்கும் கேட்டிருக்கும்.

பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். எந்தப் பணியை? என் உறுதிமொழி சிறியது. சூரமங்கலம் அறையை வியாழன்தோறும் ஒரு மணிக்குத் திறப்பேன். யாரையும் மாற்ற மாட்டேன். யாரையும் மணமேடைக்கு அனுப்ப மாட்டேன். நான் முழுதாகக் குணமானவனும் இல்லை. அவர் போன பிறகு மூன்று நாள் எனக்கு எதுவும் இறங்கவில்லை. இன்று காலையிலும் பாதியை வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நீங்கள் நில்லுங்கள். நான் நிற்கப்போவதில்லை. எனக்குப் பசிக்கிறது.