மேலே நிற்காதே, கீழே வா

"விடியற்காலை ஐந்து மணி. ரிங்லெட்டைத் தாண்டி, தேயிலைக்குள் இறங்கும் செம்மண் பாதை. லைன் வீடுகளில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பனி... ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தால் உடனே மறுபடி மூடிக்கொள்ளும் பனி. அந்தப் பாதையில் ஒரே ஒரு மோட்டார் இறங்குகிறது. பின் சீட்டில் ஐஸ் பெட்டி கட்டியிருக்கிறது. ஓட்டுவது மகேன்."

நான் இப்படித்தான் ஆரம்பித்தேன்.

கேட்டவர்கள் மூன்று பேர். எஸ்டேட் மேட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் சுகுமாரன் அண்ணன், அவர் மனைவி யோகேஸ்வரி அக்கா, ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஃபரீத். கதை கேட்க வந்தவர்கள் இல்லை. குளத்தைப் பற்றிப் பேச என் வீட்டுக்கு வந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது. மெழுகுவர்த்தியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம். ஃபரீத் கடையிலிருந்து பொட்டலமாக, பொங்குஸ் கட்டிக்கொண்டு வந்த தே தாரிக் டீ ஆறிக்கொண்டிருந்தது.

என் வேலை ஆற்றுத் தண்ணீரைச் சோதிப்பது. மனிதர் குளிக்கலாமா, அதில் மீனும் பூச்சியும் உயிரோடு இருக்குமா... இந்த இரண்டையும் பார்த்துச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டுக்குக் கீழே ஆறு தேங்கி ஒரு குளம் மாதிரி இருக்கிறது. ஒரு வருடமாக அங்கே கயிறு கட்டி மூடியிருக்கிறோம். பள்ளி விடுமுறைக்கு முன்னால் திறந்தால் சுகுமாரன் அண்ணனுக்கு ஆள் வரும். திறக்கலாம் என்று நான் எழுதினால் போதும்.

"ரிசல்ட்டு எல்லாம் பாஸ்னு கேள்விப்பட்டேன் தம்பி," என்றார் அவர். "அப்புறம் என்ன? கயிற அவுக்க வேண்டியதுதானே லா?"

"எல்லாம் பாஸ்தான்."

"பின்ன? எங்க வீட்டு வாலு ரெண்டும் தெனம் கேக்குது. தெறந்தா மொதல்ல குதிக்கிறது அதுங்கதான்."

"மகேன் ஏன் வேலைய விட்டான்னு தெரியுமா அண்ணே?"

"பொண்ணு பின்னாடி ஈப்போவுக்கு ஓடிட்டான்னு பேசிக்கிட்டாங்க," என்றான் ஃபரீத்.

யோகேஸ்வரி அக்கா அவனை முறைத்தார். மகேன் என் மனைவி நளினியின் தம்பி.

நளினி கடைசியாகக் குளித்தது அந்தக் குளத்தில். கொஞ்ச நாளில் காய்ச்சல். டாக்டர் அதை மலாயில் 'கென்சிங் தீகுஸ்' என்றார். எலிக் காய்ச்சல். குளத்தில் ஒட்டியதா, வேறு எங்கேயாவதா... யாராலும் சொல்ல முடியவில்லை. அவள் சாம்பலைக் குளத்துக்குக் கொஞ்சம் மேலே, பாறைத் திருப்பத்தில் கரைத்தோம். எஸ்டேட்டில் எல்லாருக்கும் அதுதான் இடம். அதன் பிறகு நான் அங்கே இறங்கவில்லை. மகேனை அனுப்பினேன்.

இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. மகேனின் மோட்டாருக்கே திரும்பினேன்.

"எதுக்குப் பிரதர் அந்த நேரத்துல போறீங்க?" என்றான் ஃபரீத். "பேயே அப்பத்தான் வீட்டுக்குப் போய்ப் படுக்கும்."

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீன் சுவாசிக்கிறது. இருட்டில் பாசியும் அதையே எடுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்து அளவு நன்றாக இருந்தால் நாள் முழுக்க நன்றாக இருக்கும். அதற்காகத்தான் அந்த நேரம்.

இன்னொன்றும் சொன்னேன். தண்ணீர் எடுப்பவன் ஆறு வரும் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அவனுக்கு மேலே யாரும் ஆற்றில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அவர்கள் கலக்கும் மண் பாட்டிலுக்குள் வந்துவிடும். யாராவது மேலே நின்றால் சத்தம் போட்டுக் கூப்பிடுவோம். மேலே நிற்காதே, கீழே வா. அவர்கள் நமக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார்கள். தூண்டில் போட வருகிறவர், துணி துவைக்க வருகிறவர், யாரானாலும் அப்படித்தான். வாயில் தானாக வரும். மகேனுக்கு இதைப் பழக்கிவிட்டது நான்.

அன்று துணைக்கு வரவேண்டியவன் வரவில்லை. மகேன் தனியாக இறங்கினான். மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து கோழி எரு நாற்றம். தவளைச் சத்தம். தொடை வரைக்கும் ஏறும் என் ரப்பர் பூட்ஸைப் போட்டிருந்தான். அவனுடையது கிழிந்திருந்தது.

முதலில் கற்களைப் புரட்டிப் பார்த்தான். வாலை விரித்துக்கொண்டு ஒட்டியிருந்த சின்னப் பூச்சிகள் நிறைய. சுத்தமான தண்ணீரில்தான் அவை இருக்கும். மீட்டரின் கம்பியை உள்ளே விட்டான். தண்ணீரின் சூடு பதினெட்டு டிகிரி. ஆக்சிஜன் எட்டு. அருமையான ஆறு. பாட்டிலைத் திறந்தான்.

அப்போது மேலேயிருந்து கலங்கல் வந்தது.

ஒரு கை அளவு மண், புகை மாதிரி. டார்ச் வெளிச்சத்தில் அவன் காலைத் தொட்டுப் போனது. தண்ணீர் தெளிந்தது. மறுபடி ஒரு கலங்கல்... இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக. தெளிந்தது. மறுபடி.

யாரோ ஆற்றுக்குள் கால் எடுத்து வைத்து நடக்கும்போது அப்படித்தான் வரும். அடிக்கு ஒரு கலங்கல்.

டார்ச்சை மேல் பக்கம் அடித்தான். பாறைத் திருப்பம் வரை யாரும் இல்லை. தவளைகள் நின்றுவிட்டன. பனியில் வெளிச்சம் அவன் மேலேயே திரும்பி விழுந்தது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தான். பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

"மேல நிக்காத! கீழ வா!"

"அய்யோ," என்றார் யோகேஸ்வரி அக்கா.

பதில் இல்லை. ஆனால் கலங்கல் வேகமாக வர ஆரம்பித்தது. திருப்பத்துக்கு இந்தப் பக்கம். பிறகு பெரிய பாறைக்கு இந்தப் பக்கம். தண்ணீருக்கு மேலே ஒன்றுமில்லை. சத்தமும் இல்லை. ஆற்றின் அடியில் மட்டும் மண் எழும்பி, எழும்பி, அவனை நோக்கி...

மீட்டர் கத்தியது. அளவு மாறினால் கத்தும். இருபத்திரண்டு. ஆக்சிஜன் ஏழு. இருபத்தெட்டு. ஆக்சிஜன் ஐந்து. தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், அது சாதாரணம். கேமரன் மலையில் விடியற்காலை ஓடுகிற ஆறு சூடாவதுதான் சாதாரணம் இல்லை.

"யாரோ அந்தக் காத்த உறிஞ்சிக்கிட்டே வர்ற மாதிரி இருந்துச்சு அத்தான்," என்று பிறகு என்னிடம் சொன்னான்.

கடைசிக் கலங்கல் அவன் காலடியில் எழுந்தது. நின்றது. மீட்டரும் கத்துவதை நிறுத்தியது. பார்த்தான். நாற்பது.

மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கம் யோகேஸ்வரி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் என்னோடு மாறி மாறி உட்கார்ந்து நளினிக்கு ஈரத்துணி வைத்தவர் அவர்.

"நாப்பதா?" என்றார் மெதுவாக. "எறங்கவே இல்லையே யுவா அந்தக் காய்ச்சல்... கடைசி வரைக்கும் நாப்பதுலதானே நின்னுச்சு."

நான் தலையாட்டினேன்.

சுகுமாரன் அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "மெஷினு கெட்டுப் போயிருக்கும் தம்பி."

"ஐஸ் தண்ணியில விட்டுப் பார்த்தேன் அண்ணே. சரியா பூஜ்யம் காட்டுச்சு. கொதிக்கிற தண்ணியில நூறு. மெஷின்ல ஒண்ணும் இல்ல."

மகேனுக்கு மிச்சமும் நடந்தது. ரப்பர் வழியாகச் சூடு தெரிந்தது. முதலில் கணுக்காலில். இரண்டு உள்ளங்கைகள் சுற்றிப் பிடித்த மாதிரி. அவை மேலே ஏறின. கெண்டைக்கால்... முட்டி... முட்டியில் நான் பசை வைத்து ஒட்டிய ஒட்டு ஒன்று இருக்கும். அங்கே நின்றன. தடவிப் பார்த்தன. எருவின் நாற்றம் போய்விட்டிருந்தது. யூகலிப்டஸ் தைலம் வாசம் அடித்தது. காய்ச்சலில் அவள் பாதத்தில் நாங்கள் தேய்த்தது.

பிறகு பூட்ஸ் முடிகிற இடத்துக்கு வந்தன. அதற்கு மேலே மகேனின் கால்சட்டை. அங்கே வந்ததும்... விட்டுவிட்டன.

"நீங்க இல்ல, நான்னு தெரிஞ்சு போச்சு அத்தான்," என்றான் மகேன். அவன் அழுதது அப்போது மட்டும்தான். "நான்தான் கூப்ட்டேன். வந்து பாத்துச்சு. நீங்க இல்லன்னதும் போயிடுச்சு."

தண்ணீர் உடனே குளிர்ந்தது. தவளைகள் கத்தின. பாட்டில்களை நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்தான். எப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தப் பாட்டில்கள்தான் பாஸ் ஆனவை. கிருமி குறைவு, மருந்து கலப்பு குறைவு, ஆக்சிஜன் நல்ல அளவு. மனிதர் குளிக்கலாம், மீன் வாழலாம். எலிக் காய்ச்சல் கிருமியை அந்தச் சோதனையில் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

"அந்த நாப்பத எங்க எழுதுறதுன்னு எனக்குத் தெரியல அண்ணே," என்றேன். "அதான் இன்னும் ஒண்ணும் எழுதல."

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

பிறகு இன்னொரு சத்தம்.

சளக்... வெளியே, படிக்குக் கீழே.

சளக்...

பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டால் நடக்கும்போது அப்படிக் கேட்கும். ஃபரீத் தே பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தான். சளக். படியின் முதல் கல். சளக். வாசலுக்கு நேராக வந்து நின்றது.

சுகுமாரன் அண்ணன் வீடு எப்போதும் விருந்தாளிகள் வந்து போகும் வீடு. கதவுப் பக்கம் காலடி கேட்டால் அவர் வாய் சும்மா இருக்காது. யோகேஸ்வரி அக்கா அவர் கையைப் பிடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"யாரது? வெளிய நிக்காதீங்க, உள்ள வாங்க!"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. முகம் மாறியது.

யாரும் வரவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான் எழுந்து கதவைத் திறந்தேன். ஃபரீத் டார்ச் அடித்தான். படியில் ஈரம் இருந்தது, மழை ஈரமா என்று சொல்ல முடியாது. ஆள் இல்லை. படிக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே இரண்டு குச்சிகள் நட்டிருக்கிறேன். காய்வதற்காகப் பூட்ஸை அவற்றில் தலைகீழாக மாட்டி வைப்பது. மகேன் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. யாரும் தொடவில்லை.

தொட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் தூசி, காய்ந்துதான் இருந்தது. குச்சியிலிருந்து கழற்றி உள்ளே கையை விட்டேன்.

சூடாக இருந்தது. அப்போதுதான் யாரோ காலை உருவிக்கொண்ட மாதிரி.

"என்ன பிரதர்?" என்றான் ஃபரீத்.

பூட்ஸிலிருந்து யூகலிப்டஸ் வாசம் வந்தது. யோகேஸ்வரி அக்கா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். வேன் கதவைத் திறந்ததும் திரும்பினார்.

"எங்க வீட்டுக்கு வந்து படு யுவா. தனியா இருக்காத."

"வேணாம் அக்கா. நீங்க போங்க."

சுகுமாரன் அண்ணன் சாவியைப் போட்டார். ஸ்டார்ட் பண்ணவில்லை. என்னைப் பார்க்காமல் பேசினார்.

"தம்பி... கயிறு அப்படியே இருக்கட்டும்."

"சரி அண்ணே."

வேனின் பின் விளக்கு தேயிலைக்குள் மறைந்தது. பூட்ஸை மறுபடி குச்சியில் மாட்டினேன். உள்ளே வந்தேன். கதவைச் சாத்தினேன். தாழ் போடவில்லை.

இங்கே மழை விட்ட இரவில் பேசினால் வாயிலிருந்து புகை வரும். இரண்டு கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் படுத்தேன். கம்பளியை எடுக்கவில்லை.

கட்டிலின் அந்தப் பாதி குளிராகவே இல்லை.