சொல்லுக்குச் சொல்

மேடையில் மொழிபெயர்க்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கையோடு ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். தொண்டை வறண்டால் சொல் தவறும். பதினோரு வருடமாக இந்த நாட்டில் ஆஸ்பத்திரி, நீதிமன்றம், குழந்தைகள் நல அலுவலகம் என்று போய் நம் ஆட்களுக்காகப் பேசுகிறேன். ஒரு சொல்லைக்கூட விடமாட்டாள் என்று எனக்குப் பெயர். நீங்களும் விசாரித்திருப்பீர்கள்.

என் தங்கையின் படம் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குத் தேர்வானபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவள் கணவனோடும் மகளோடும் இங்கே வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இந்த ஊர் மொழி அவளுக்கு பஸ் ஏறி இறங்கும் அளவுக்குத்தான் வரும். கடன் வாங்கிய கேமரா, நடிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள், கூடவே தன் ஏழு வயது மகள். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படம் எடுத்துவிட்டாள். விழாக்காரர்கள் வேறு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். இவள்தான் பிடிவாதம் பிடித்தாள். "நீ பக்கத்துல நின்னாத்தான்க்கா எனக்குப் பேச்சே வரும்" என்றாள். கதை என்னடி என்று கேட்டால், வந்து பார் என்று சிரித்தாள்.

மதியம் மூன்று மணிக் காட்சி. கழுத்தில் விழா அட்டையை மாட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

படத்தில் ஒருத்தி வருகிறாள். அவளுக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. வேலைக்குத் திரும்பிய பிறகு அதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டு மேசையில், குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது என்று ஏழு மாதம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் கூட்டி வாயேன் என்கிறார்கள். மறுநாள் முதல் அவள் வேலைக்கே போவதில்லை.

அந்த ஒருத்தி நான்தான். அதை நான் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன். தங்கச்சியாயிற்றே என்று சொன்னேன். பல் முளைத்த காட்சியில் அரங்கமே சிரித்தது. அந்தப் பல்லை நான் எப்படிச் சொன்னேனோ அப்படியே, கை ஜாடை முதற்கொண்டு எடுத்திருந்தாள். அந்தக் குழந்தை ஏழு வயதுவரை வளர்ந்துவிட்டதாக அவள் கற்பனை செய்யும் காட்சிகளில் நடித்தது என் தங்கை மகள். முதுகில் குத்துவது என்பார்களே, அதற்குக்கூட ஆள் பின்னால் வர வேண்டும். இவள் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் குத்தினாள்.

பிறகு மேடை. கதை எங்கிருந்து வந்தது என்று முதல் கேள்வி. தங்கை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சும்மா கற்பனைதாங்க. நிஜத்துல யாரு இப்படி இருப்பாங்க?" என்றாள். மொழிபெயர்த்தேன். மறுபடியும் சிரித்தார்கள்.

இரண்டாவதாக எழுந்த பெண்மணி, தான் குழந்தைகள் மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு, இந்தச் சின்னப் பெண்ணை எப்படி இவ்வளவு நன்றாக அழவைத்தீர்கள் என்று கேட்டார். தங்கைக்கு வாயெல்லாம் பல். "அதை ஏன் கேக்கறீங்க. சோறு தண்ணி இல்லாம ரெண்டு நாளு. புள்ளையப் பிழிஞ்சு எடுத்துட்டேன். ஒழுங்கா அழலன்னா தோலை உரிச்சிடுவேன்னேன். கடைசியில எங்க எல்லாரையும் கொன்னுட்டா."

நான் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். பிறகு சொல்லுக்குச் சொல் சொன்னேன். இரண்டு நாள் உணவும் இல்லை, நீரும் இல்லை. குழந்தையைப் பிழிந்தேன். சரியாக அழாவிட்டால் உன் தோலை உரிப்பேன் என்றேன். கடைசி வாக்கியத்தை இருமலில் விழுங்கிவிட்டேன்.

அரங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. தங்கை மட்டும் சிரித்துக்கொண்டே நின்றாள். மருத்துவர் முன்வரிசையில் இருந்த குழந்தையின் முழங்காலைப் பார்த்தார். சைக்கிளிலிருந்து விழுந்த காயம் அங்கே இருந்தது. இந்த ஊர்ச் சட்டப்படி அவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். அது எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். "அக்கா, யாரோ வந்து புள்ளையக் கேக்கறாங்க, ஓடி வா." ஓடினேன். காய் நறுக்கிய கத்தியோடு வாசலில் நின்று, "எம் புள்ள மேல கை வச்சா வெட்டிப் போட்டுடுவேன்" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் கணவன் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறாள் என்று குழந்தைகள் நல அதிகாரி என்னைக் கேட்டார். சொன்னேன்.

இப்போது நீங்கள் விழா மேடையின் ஒலிப்பதிவை வேறொருவரிடம் கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். அவரும் நான் மொழிபெயர்த்த சொல் எதுவும் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பேச்சின் அர்த்தம் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியாமல் இருக்குமா? போன வருடம் உங்களுடைய இதே குழந்தைகள் நல அலுவலகத்தில் ஒரு அப்பா, "இவன் காலை உடைச்சாத்தான் சரிப்படுவான்" என்றார். மகனைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று மொழிபெயர்த்தேன். இருவரும் ஒரே குடையில் வீட்டுக்குப் போனார்கள். தங்கைக்கும் அப்படிச் செய்திருக்கலாம். வேண்டுமென்றேதான் செய்யவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குழந்தைக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. பெற்றவர்களிடமிருந்து பிரித்த பிறகு, நெருங்கிய சொந்தம் நான்தான் என்று அவளை உங்கள் ஆட்கள் என்னிடமே விட்டிருக்கிறார்கள். முதல் வாரம் அம்மா அம்மா என்று அழுதாள். இப்போது அவ்வளவாக இல்லை. போன செவ்வாய்க்கிழமை மேல் பல் ஒன்று விழுந்தது. மறுநாள் ஆபீஸில் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னேன். எல்லாரும் ஆசையாகக் கேட்டார்கள். இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

அவள் உங்களை எப்படிக் கூப்பிடுவாள் என்று ஒருத்தி கேட்டாள். பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த உறவுக்கு இந்த ஊர் மொழியில் தனிச் சொல் கிடையாது. முன்பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.