பறிக்குள் பேட்டரி

— யாரக் கேட்டு எண்ணெய வடிச்ச?

— இத்தப் பாரு அமுதா. இதுக்குப் பேரு எண்ணெயா? தாரு. எடுத்துனு போய் ரோடு போடலாம்.

— கோதண்டம் அண்ணே, காலைல வண்டிய உட்டுட்டுப் போறப்ப நான் இன்னா சொன்னேன்? பேட்டரியப் பாருன்னேன். எண்ணெய வடின்னேனா? ரெண்டு கூடை நண்டு தூக்கினு வந்து நிக்கறேன். நண்டு ஏத்தற வேன் கெளம்பறதுக்குள்ள அனுப்பம்பட்டு போவணும். செத்த நண்ட எவன் வாங்குவான்?

— இந்த எண்ணெயோட போனா பாதி வழில இஞ்சின் புடிச்சுக்கும். அப்புறம் நண்டயும் வண்டியையும் தலைல தூக்கினு போ.

— சரி, புது எண்ணெய ஊத்து. ஜல்தி.

— வருது.

— எங்கேர்ந்து?

— பொன்னேரிலேர்ந்து. எங்கிட்ட டப்பா தீந்துபோச்சு. ஆள் போயிருக்கு.

— மெக்கானிக் கடைன்னு போர்டு மாட்டிக்கினு எண்ணெய் இல்லன்ற. வெக்கமா இல்ல?

— எனக்கா? படகு இஞ்சினுக்கு ஊத்தற எண்ணெய பைக்ல ஊத்தினது யாரு?

— நான்தான் ஊத்தினேன். ஊட்ல கேன்ல மிச்சம் இருந்துச்சு. அதுவும் எண்ணெய்தான, இதுவும் எண்ணெய்தான?

— அடிப்பாவி! பைக்குக்கு கிளச்சு எண்ணெய்க்குள்ளயே முங்கினு கீது. படகு எண்ணெய ஊத்தினா வழுக்கும். முறுக்கினா இஞ்சின் கத்தும், வண்டி நவுராது.

— உன்னாட்டம்னு சொல்லு.

— இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. பைக் எண்ணெய்னா டப்பாலயே பைக் படம் போட்டிருப்பான். அத்தப் பாத்து வாங்கறதுக்கு இன்னா?

— உட்டுத் தள்ளு. பேட்டரிக்கு வா. பொங்கலுக்குப் போட்டது. அதுக்குள்ள பொணமாப் போச்சு. டூப்ளிகேட்ட எந்தலைல கட்டிட்டல்ல?

— டூப்ளிகேட்டா? என் கடைல நின்னுக்கினு என்னையே... அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்? சீல் வச்ச பேட்டரி வாங்கு, கவுந்தாலும் ஒண்ணும் ஆவாதுன்னேன். நீதான் தண்ணி ஊத்தறதே போதும்ன. சரி, ஊத்தினியா?

— ஊத்தினேன்.

— இன்னா தண்ணி?

— தண்ணி... தண்ணிதான்.

— போர் தண்ணியா?

— குடிக்கற தண்ணியவே கேன்ல வாங்கறோம். பேட்டரிக்கு பன்னீரா ஊத்துவாங்க?

— ஏரிக்கரை போர்ல உப்பு தவிர இன்னா வருது? பேட்டரிக்குன்னே தனியா பாட்டில்ல தண்ணி விக்குது, எங்கிட்டயே கீது. உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான். உப்புத் தண்ணி குடிச்ச பேட்டரி செத்துத்தான் போவும்.

— பழமொழி சொல்லத்தான் கடை வச்சிருக்கியா?

— இரு, இன்னும் முடியல. முனை ரெண்டும் பச்சையா பூத்துக் கீது. ஸ்க்ரூ தலை மழுங்கிப் போச்சு. தெனம் கழட்டி மாட்டினாத்தான் இப்படித் தேயும். இந்தா, இந்த பெல்ட்டுல சிக்கினு கீதே, இது இன்னா?

— இன்னா?

— நண்டுக் காலு. பேட்டரிக்கு நண்டுக் காலு எப்படி வந்துச்சு? நண்டு வந்து சார்ஜ் ஏத்திக்கினு போச்சா?

— நான் இன்னாத்தக் கண்டேன்.

— பொய் சொல்லாத அமுதா! ராத்திரியானா கழட்டி, நண்டு புடிச்சுப் போடற ஓலைப் பறில போட்டு, ஈரச் சாக்க மூடி, மேல நண்டக் கொட்டி வக்கிற. படுக்கப் போட்டா ஆசிட் ஒழுவும். உப்புத்தண்ணி வேற சொட்டுது. எந்த பேட்டரி தாங்கும்?

— பறின்னு உனக்கு யாரு சொன்னா?

— ...யாரு சொல்லணும்? நண்டுக் காலு சொல்லுது.

— நண்டுக் காலு ஓலைப் பறின்னு சொல்லுச்சா? ஈரச் சாக்குன்னு சொல்லுச்சா? தீனா வந்தானா இங்க? எம் புருஷன தவிர இது யாருக்கும் தெரியாது.

— எப்பவாச்சும் வருவான். டீ குடிப்பான்.

— அண்ணே, டபாய்க்காத.

— நீ மட்டும் டபாய்க்கலாமா?

— நான் பேட்டரியக் கழட்டுவேன், மாட்டுவேன். அது என் பேட்டரி. ஹெட்லைட்டு பல்பு? மூணு வாட்டி மாத்தின. மூணும் போச்சு. நான் பகல்லதான் ஓட்டறேன், லைட்டே போடறதில்ல. போடாத லைட்டு எப்படிப் போவும்? அதுவும் நண்டு கடிச்சுதா?

— பல்ப உடு.

— ஏன் உடணும்?

— உடுன்னா உடு! பல்புக்கு நான் காசு கேக்கல, போதுமா?

— இன்னா திடீர்னு தர்மம்? சரி, உன் வண்டிய குடு. நண்ட எறக்கிட்டு வந்து மிச்சம் சண்டையப் போடறேன்.

— என் வண்டி... இல்ல.

— எங்க?

— எண்ணெய் வாங்கப் போனவன் எடுத்துனு போயிருக்கான்.

— யாரு அவன்? ஆமை மேல உக்காந்து போனானா?

— வருவான். நீ கத்தாத.

— கத்துவேன். நண்டு செத்தா நீ வந்து தின்னு. ரெண்டு கூடையும்!

— நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. கட்டின புருஷன் வண்டியத் தொடக்கூடாதா? அவன் எங்கிட்ட வந்து அழாத கொறையா பேசறான். ராத்திரி வெளிய போனா குடிப்பான்னு பயமா? இல்ல எவளாச்சும்...

— வாய மூடு!

— ஏன் மூடணும்? தீனா சொக்கத் தங்கம். ஒரு ஆம்பளய மாட்டக் கட்டற மாதிரி ஊட்ல கட்டிப் போட்டா...

— உனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததப் பேசாத.

— தெரியற மாதிரி சொல்லு.

— சொன்னா ஏரிப் பாடு மொறைலேர்ந்து அவன் பேர அடிச்சுடுவாங்க.

— பாடு மொறைலேர்ந்தா? ஏரில மொறை வச்சு வலை போடறதுக்கும் உன் பேட்டரிக்கும் இன்னா சம்பந்தம்?

— கீது. ஊர்ல தெரிஞ்சா அவன எவனும் படகுல ஏத்த மாட்டான். மொறை போச்சுன்னா எங்களுக்கு ஏரியே போச்சு. சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு.

— எங்க நைனா மேல சத்தியம். சொல்லு.

— அவனுக்கு வலிப்பு வருது.

— ...இன்னா?

— மாசி மாசத்துலேர்ந்து. செல்போன ஏரில போட்டுட்டேன்னு உங்கிட்ட சொன்னான்ல? போடல. அவனே உழுந்தான். அவங்க அண்ணன் முடியப் புடிச்சுத் தூக்கினாரு. வாயெல்லாம் நுரை, கண்ணு மேல சொருவிப் போச்சு. இத்த நாங்க மூணு பேரும் பொத்தி வச்சிருக்கறோம். டாக்டர் மாத்திர குடுத்துட்டு, வண்டிய மட்டும் தொடாதன்னாரு. இவன் கேக்கறானா? எனக்கு ஒண்ணும் இல்ல, நான் இன்னா நோயாளியான்னு எகிர்றான். சாவிய ஒளிச்சேன், ஒயரப் புடுங்கி ஓட்டினான். அதான் பேட்டரியக் கழட்டினேன்.

— அமுதா...

— படகுல அண்ணன் கூட கீறாரு. உழுந்தா தூக்குவாரு. ரோட்டுல யாரு கீறா? லாரிக்காரன் தூக்குவானா? பேட்டரி நாசமாப் போனாப் போவட்டும். அத்தப் பறில போட்டு மூடினப்புறம்தான் எனக்குத் தூக்கமே வருது.

— அமுதா, அந்த வண்டி பேட்டரி இல்லாமலே ஓடும்.

— ...இன்னா சொல்ற? பட்டன அமுக்கினா செத்தாப்ல கெடக்குதே. நானே அமுக்கிப் பாத்துட்டுத்தான் படுப்பேன்.

— பட்டன் வேலை செய்யாது. கிக்கர ஒதச்சா கெளம்பிடும். பேட்டரி இல்லாம ஓட்டினா கரண்டு தாறுமாறா வந்து பல்பத் தின்னும். மூணு பல்பும் அப்படித்தான் போச்சு.

— ராத்திரில ஓட்டறானா? நான் தூங்கினப்புறமா?

— ...ஆமா. வெளிய தள்ளினு போய் ஸ்டார்ட் பண்ணுவான்.

— அவனுக்கு யாரு சொன்னா இந்த வித்தைய?

— நான்தான்.

— அடப் பேமானி!

— எனக்கு இன்னா தெரியும்? பொண்டாட்டி பேட்டரியக் கழட்டி வச்சுடுதுண்ணான்னு வந்து நின்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம். கிக்கர ஒதடான்னேன்...

— சிரிச்சீங்களா? நான் ஆசிட்டுல கை வெந்துக் கெடக்கறேன், நீங்க சிரிச்சீங்களா? இந்தக் கையப் பாரு. பாருய்யா! நீயெல்லாம் ஒரு... சீ, உங்கிட்ட பேசி இன்னா ஆவும். வண்டிய இங்கயே வச்சுக்கோ. ஒடச்சு எடைக்குப் போடு. எனக்கு வாணாம். நான் பஸ்ல போய்க்கறேன். நல்ல வேளை, அவன் ஊட்ல கிழிஞ்ச வலையப் பொத்தினு கீறான்... அண்ணே? ஏன் அப்படி முழிக்கற? எங்க ஓடற? அது என் வண்டி சாவி. எண்ணெய் இல்லன்ன?

— ஐயோ, ஆமா, வடிச்சுட்டேனே... ஆட்டோ! ஏய் ஆட்டோ, நில்லு! ஏறு அமுதா, ஏறு!

— எனக்கு எதுக்கு ஆட்டோ? இன்னா ஆச்சு, சொல்லித் தொலை!

— நீ வண்டிய உட்டுட்டுப் போனதும் தீனா வந்தான்... அமுதாகிட்ட சொல்லாதண்ணா, நானே போய் எண்ணெய் வாங்கியாறேன்னு என் வண்டிய எடுத்துனு பொன்னேரிக்குப் போனான். எப்பவோ வந்திருக்கணும்.