நரித் துவக்கும் விரதமும்

கோயில் திருவிழாவுக்காக ஜெர்மனியின் ஹம் நகருக்குப் போகும் ரயில். எனக்கு எதிரே திருநீறு பூசியிருந்த ஒருவர், பக்கத்திலிருந்த வயதான அம்மாவிடம் கேட்டார்.

"கடதாசியைத் துவக்கால சுட்டால் விரதம் முறியுமோ அக்கா?"

"கடதாசியை ஏன் சுடுவான்?"

"நரி சுடுற துவக்குக்கு, வேகம் கூடின தோட்டா போறமாதிரிப் புதுக் குழல் மாத்தினனான். அந்தத் தோட்டா கடையில இல்லை. சாதாரணத் தோட்டாவை வைச்சு ஒருக்காக் கடதாசியில சுட்டால்தான், தோட்டாவின்ர பித்தளைக் கோது புதுக் குழலின்ர அளவுக்கு விரியும். பிறகு அதுக்குள்ள நானே வெடிமருந்து நிரப்புவன்."

"கடதாசிக்கு உயிரில்லைத்தானே. நீர் சுடும்." அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "நரி என்ன பாவம் செய்தது?"

"பண்ணைக் கோழியெல்லாத்தையும் தின்னுது."

"நீரும் தின்னுறனீர்தானே, தம்பி."

"இப்ப இல்லை அக்கா. விரதம்."